பந்து எறிகிற கைக்கு லீவு எழுதித் தரும் பிசியோ சென்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் சார், இருக்கிற கூட்டத்துக்கே நாற்காலி பத்தலை" என்று சொல்லிவிட்டார் அந்த பிசியோ மேடம். வேலூர் சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம். கீழே மருந்துக்கடை, மாடியில் சென்டர். பந்து எறிகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கிரவுண்டில் நாலு பேரை விசாரித்தாலே வழி சொல்லிவிடுவார்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலேஜ் நாட்களில் பேஸ்பால் டீமில் கேட்சர், அதாவது எறிகிற பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. அதனால் காட்பாடிப் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து ஆடும் ஒரு டீமுக்கு ஸ்கோர் எழுதுவது, பந்து வாங்கித் தருவது, எவனுக்காவது கை வலித்தால் கூட்டிக்கொண்டு ஓடுவது என்று காலம் போகிறது. வேலூரில் பேஸ்பாலா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையே போட்டி நடக்கிறது, மாநில அளவில் நடக்கிறது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மனதில் வைத்து ஆடுகிற பையன்களும் இருக்கிறார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

கிரிக்கெட் மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு விளக்கம். பந்து எறிகிறவர்தான் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் களைத்தாலோ அடி வாங்கினாலோ அவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்குவார்கள். வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. நடுவில் இறங்குகிறவர்தான் ரிலீவர். பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ், மிஞ்சினால் இரண்டு. இங்கே இன்னிங்ஸ் என்பது மூன்று பேர் அவுட் ஆகும் வரைதான், ஒரு ஆட்டத்தில் பல வரும். பதினைந்து, இருபது பந்து போட்டுவிட்டு வந்துவிடுவார். பார்ப்பதற்கு நோகாத வேலை. எங்கள் ஊர் டோர்னமென்ட்டுகள் மூன்று நாளோ நாலு நாளோ தொடர்ந்து நடக்கும். ஒவ்வொரு நாளும் "ஒரு இன்னிங்ஸ்தானே, வாடா" என்று அதே பையனைக் கூப்பிடுவார்கள். இந்த "ஒரு இன்னிங்ஸ்தானே" என்கிற பேச்சை இந்த சென்டர் எப்படி எதிர்கொள்கிறது என்பதுதான் இந்த விமர்சனமே. மெஷின், கட்டில், ஏசி எல்லாம் மற்ற இடங்களிலும் இருக்கின்றன.

எங்கள் ரிலீவருக்கு வயசு பத்தொன்பது. பி.காம். படிக்கிறான். நல்ல வேகம், கொஞ்சம் வாய். மாவட்டப் போட்டி முடிந்த மறுநாள் காலை பல் தேய்க்கக் கையைத் தூக்கினால் தோளின் பின்பக்கம் பிடிக்கிறது என்றான். முழங்கையின் உள்பக்கமும் லேசாகக் குத்துகிறதாம். கூட்டிப்போனேன்.

அங்கே நேரே மெஷினில் படுக்க வைப்பார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தான். மேடம் முதலில் கேட்டது என் ஸ்கோர் நோட்டை. எந்த நாள், எந்த இன்னிங்ஸ், எத்தனை பந்து என்று விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், "இதுல புல்பென் எங்க சார்?" என்றார். களத்தில் இறங்குவதற்கு முன்னால் ஓரமாக நின்று எறிந்து கையைச் சூடேற்றிக்கொள்கிற இடம்தான் புல்பென். ஸ்கோர் ஷீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. அம்பயர் பார்க்காத பந்து கணக்கில் வராது.

"கைக்கு அம்பயர் தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு அவனையே கேட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். நாலாவது இன்னிங்ஸில் நம் பிட்சர் தடுமாறியதும், "ரெடியா இரு" என்று கோச் சொல்ல, எழுந்து போய் ஒரு இருபது எறிந்திருக்கிறான். பிட்சர் எப்படியோ தப்பித்துவிட, இவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி எழுந்து பதினைந்து. மறுபடி உட்கார்ந்தான். ஆறாவதில் இன்னும் ஒரு பத்துப் பன்னிரண்டு. உள்ளே போனதும், பிட்சர் நின்று எறிகிற மேட்டிலிருந்து கேட்சருக்குச் சில பந்து. அதற்கப்புறம்தான் நிஜ ஆட்டம், பதினேழு பந்து. என் நோட்டில் இருப்பது அந்தப் பதினேழு மட்டும். மேடம் தாளில் எழுபதைத் தொட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் முழு வேகத்தில் போட்டதாம். வேகமாகப் போட்டால்தானே கோச் பார்ப்பார்!

அமெரிக்க டீம்களிலும் இதுதான் கதை. எழுப்பிச் சூடேற்றிவிட்டு இறக்காமல் உட்கார வைத்தாலும் அதைக் கையின் உழைப்பாக நினைவில் வைத்துக்கொள்கிற மேனேஜர்தான் (அங்கே தலைமைக் கோச்சுக்கு அந்தப் பெயர்) நல்ல மேனேஜர் என்பார்கள். டிவியில் ஒரு ரிலீவர் மூன்று நாளாக வரவில்லை என்றால் அவர் மூன்று நாளும் சும்மா இருந்தார் என்று அர்த்தமாகாது. இரண்டு நாள் புல்பென்னில் வியர்த்திருப்பார்.

அப்புறம் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, முன்னங்கையைக் கால் பக்கமாக மெல்லச் சாய்த்தார். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி. அதை முழங்கையில் வைத்து அளந்து வலதுக்கு ஒரு எண், இடதுக்கு ஒரு எண் எழுதிக்கொண்டார். வலது கை உள்பக்கம் திரும்புவது இடதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. எறிகிறவர்களுக்கு இரண்டு கைக்கும் கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்குமாம். வெளிப்பக்கம் அதிகம் சாயும், உள்பக்கம் குறையும். ஆனால் ஆட்டம் முடிந்த மறுநாள் அந்தக் குறைவு இன்னும் கூடிவிடும், முழங்கையும் முழுசாக நிமிராது. "இது பழைய அளவுக்குத் திரும்பினப்புறம் போட்டா அது ஓய்வெடுத்த கை. திரும்பறதுக்குள்ள போட்டா நேத்து ஆட்டத்தையும் சேர்த்து ஆடற கை" என்றார். அவன் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று நான் கேட்டேன். காத்திருக்க ஆள் இருந்தும் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

பிட்சர் எறியும்போது தோள் சுழலும் வேகம், வினாடிக்கு ஏறக்குறைய 7000 டிகிரி என்று அளந்திருக்கிறார்கள். அதே வேகத்தில் கை சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வினாடியில் பத்தொன்பது சுற்று. அந்த வேகம் வருவதற்குச் சற்று முன்னால் முன்னங்கை பின்னால் மல்லாந்து சாய்கிறது. அப்போது முழங்கையின் உள்பக்கம் வாய் பிளக்கப் பார்க்கும். அதைப் பிளக்க விடாமல் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன ஜவ்வு. தனியாக அதால் முடியாது. முழங்கையின் உள்பக்க எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும் தசைகள் கூடச் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. அந்தத் தசைகள் களைத்தால்? சுமை குறையாது, பந்து அதே வேகத்தில்தான் போகிறது. மொத்தமும் ஜவ்வின் தலையில் விழும். தசைக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஓரிரு நாளில் தேறிவிடும். ஜவ்வுக்கு அது குறைவு. அதில் விழுந்த கீறல் ஆற நாளாகும், அதுவும் நமக்குத் தெரியாமலே நடக்கும்.

இது முழங்கை. தோளின் பின்பக்கம் பிடிப்பது வேறு சங்கதி. பந்து கையை விட்டுப் போனபின் அத்தனை வேகத்தில் வரும் கையை நிறுத்த வேண்டுமே, அந்த பிரேக் வேலை தோளின் பின்னால் இருக்கும் சின்னத் தசைகளுடையது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பதால் அவற்றில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் ஆட்டம் முடிந்த ராத்திரி "நாளைக்கும் போடறேன் சார்" என்று பையன்கள் துள்ளுகிறார்கள். "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, தேய்ச்சு விட்டாப் போயிடும்" என்று கிரவுண்டில் எல்லோரும் சொல்வோம் இல்லையா, அந்த ஆசிட் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே ரத்தத்தில் கலந்து போய்விடுமாம். மறுநாள் வலிக்கு அது பொறுப்பில்லை.

ஐஸ் கேட்டால் தருகிறார்கள். துண்டு சுற்றி, பதினைந்து நிமிஷம். வலியை அடக்கும், ஓய்வுக்கு ஈடாகாது என்று சொல்லித்தான் தருகிறார்கள்.

எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. தொடக்கப் பிட்சர் தொண்ணூறு, நூறு பந்து போடுகிறார், ரிலீவர் இருபது. அப்படியானால் நூறு போட்டவருக்குத்தானே லீவு தேவை? அவருக்கு லீவு ஏற்கெனவே அட்டவணையிலேயே இருக்கிறது என்றார் மேடம். அமெரிக்காவில் ஒரு தடவை போட்டால் நாலைந்து நாள் கழித்துத்தான் அடுத்தது. ஜப்பானில் வாரத்துக்கு ஒரு தடவை. எந்த நாள் கனமாகச் சாப்பிடுவது, எந்த நாள் எடை தூக்குவது, எந்த நாள் தூங்குவது எல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ரிலீவருக்கு எதுவும் தெரியாது. இன்றைக்கும் கூப்பிடலாம், நாளைக்கும் கூப்பிடலாம். தொடக்கப் பிட்சர் நூறு பந்துக்கும் தன் பலத்தைப் பங்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ரிலீவருக்கு அந்தக் கவலை கிடையாது. முதல் பந்திலிருந்தே முழு மூச்சு. அதனால் அமெரிக்க மேனேஜர்கள் அடுத்தடுத்து இரண்டு நாள் ஒருவரைப் போட்டுவிட்டால் மூன்றாம் நாள் அவரைத் தொடத் தயங்குகிறார்கள்.

நான் விடவில்லை. பழைய பேஸ்பால் பைத்தியம் ஆயிற்றே. "மைக் மார்ஷல் 1974-ல 106 ஆட்டத்துல ரிலீவரா வந்தாரே மேடம்? 208 இன்னிங்ஸுக்கு மேல. அதுல தொடர்ச்சியா 13 ஆட்டம்" என்றேன். மார்ஷல் அமெரிக்கப் பிட்சர். சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருது அந்த வருஷம் அவருக்குத்தான். ரிலீவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. 106 ஆட்டம் என்கிற கணக்கை இன்றைக்கு வரைக்கும் யாரும் தொடவில்லை.

அவர் சிரித்தார். "அதே டீம்ல அதே வருஷம் இன்னொருத்தருக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க."

சொல்ல வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். அதே டிரெஸ்ஸிங் ரூம். 1974 ஜூலையில் டாமி ஜான் என்கிற இடதுகைத் தொடக்கப் பிட்சருக்கு முழங்கை ஜவ்வு போய்விட்டது. செப்டம்பர் 25-ம் தேதி டாக்டர் ஃப்ராங்க் ஜோப், வலது முன்னங்கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு கட்டும் நார்) எடுத்து இடது முழங்கையில் ஜவ்வாகக் கோர்த்தார். டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்தார். அவருடைய மொத்தம் 288 வெற்றிகளில் 164 அதற்கப்புறம் வந்தவை. இன்றைக்கு அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான். மார்ஷல் உடலியக்கம் படித்தவர், பின்னால் அதில் முனைவர் பட்டமே வாங்கினார், தன் எறிமுறையைத் தானே செதுக்கிக்கொண்டவர். அவர் ஒருவரை வைத்து நம்ம பையனுக்குக் கணக்குப் போடாதீர்கள் என்பது மேடத்தின் வாதம். அமெரிக்காவில் 2006-ல் வந்த ஓர் ஆய்வையும் சொன்னார்: கை களைத்த பிறகும் வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருந்த பதின்ம வயதுப் பிட்சர்கள், ஆபரேஷன் வரை போனவர்கள் கூட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்கு. எனக்கும் தெரிந்த எண்தான். ஆனால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

அந்தத் தசைநாண் விஷயத்தில் ஒரு வேடிக்கை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனி சேர்த்து வைத்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். ஜோப் எடுத்தது அதைத்தான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மேடம் சொன்னதும் காத்திருந்த எல்லோரும் மடக்கிப் பார்த்தார்கள். முதுகுவலிக்கு வந்த ஒரு பெரியம்மா, "எனக்கு இடதுல மட்டும் இருக்குதும்மா, வலதுல இல்ல, எதுனா கோளாறா?" என்று பயந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தக் கொஞ்ச நேரம் ஆனது.

வேலூர்க்காரனாக இங்கே ஒரு வார்த்தை பெருமை பேசிக்கொள்கிறேன். தசைநாணை இடம் மாற்றிக் கையைச் சரிசெய்கிற வித்தை நம் ஊருக்குப் புதிதில்லை. 1940களின் கடைசியிலேயே சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்கிற வேறொரு தசையின் நாணைக் கொண்டுவந்து இணைத்து விரல்களை மறுபடி இயங்க வைத்தார். இரண்டும் ஒரே ஆபரேஷன் இல்லைதான். அங்கே தசையோடு சேர்த்து வேலையே மாறுகிறது. இங்கே நாணை வெறும் கயிறாக எடுத்துக் கட்டுகிறார்கள். இருந்தாலும் பாகாயம் வழியாகப் போகும்போதெல்லாம், சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் இருக்கும் அந்த மறுவாழ்வு மையத்தின் பக்கம் நம் பையன்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கலாம்.

பையன் அதுவரை பேசாமல் இருந்தவன், தன் துருப்புச் சீட்டைப் போட்டான். "இன்னா மேடம் நீங்க, யாமமோட்டோ போடலியா?" 2025 நவம்பர் 2, ஞாயிறு காலை. அமெரிக்காவில் அது முதல் நாள் ராத்திரி. அமெரிக்க பேஸ்பால் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், டாட்ஜர்ஸும் டொரன்டோவும். முந்தைய ஆட்டத்தைத் தொடங்கி 96 பந்து போட்டிருந்த யோஷினோபு யாமமோட்டோ, ஓய்வே இல்லாமல் மறுநாளே ரிலீவராக வந்து 34 பந்து போட்டு, பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று முடித்துக் கொடுத்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். நாங்கள் சிலர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். விடிகாலையில் ஆரம்பித்தது முடியும்போது வெயில் ஏறிவிட்டது, இட்லி ஆறிப்போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் டீமில் எவனும் கை வலிக்கிறது என்று சுலபத்தில் சொல்வதில்லை. அது பெரிய தொல்லை.

மேடம் அந்த ஆட்டத்தைப் பார்த்தவரில்லை, ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. "அதுக்கு மறுநாள் அவருக்கு ஆட்டம் இருந்துதா?"

இல்லை. அதுதான் அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம்.

"உனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை பாலாற்றில் டென்னிஸ் பால் கிரிக்கெட் இருந்தது! பேஸ்பால் முடிந்த மறுநாள் மணலில் நின்று வேகப்பந்து. அதையும் வாயைக் கிளறி வாங்கிவிட்டார். வாரத்தில் நடுவில் ஆள் குறைந்தால் கேட்சராகவும் உட்காருவான் என்பதை நான் சொன்னேன். அமெரிக்காவில் எம்எல்பி என்கிற பெரிய லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்கிற தேசிய அமைப்பும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த "பிட்ச் ஸ்மார்ட்" வழிகாட்டியில் இந்த இரண்டுமே வேண்டாம் என்று இருக்கிறது. ஒரே நேரத்தில் பல டீமுக்கு எறியாதே, பிட்ச் செய்யாத நேரத்தில் கேட்சராக இருக்காதே. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவர்தானே.

அந்த வழிகாட்டியின் அட்டவணையை மேடம் ஒரு அட்டையில் தமிழில் கையால் எழுதி வைத்திருக்கிறார். 19 முதல் 22 வயதுக்கு: ஆட்டத்தில் 30 பந்து வரை போட்டால் கட்டாய ஓய்வு இல்லை. 31 முதல் 45 என்றால் ஒரு நாள், 46 முதல் 60 என்றால் இரண்டு நாள், 61 முதல் 80 என்றால் மூன்று, 105 வரை நாலு நாள். ஒரு ஆட்டத்தில் 120-க்கு மேல் கூடாது. பள்ளிப் பையன்களுக்கு இதைவிடக் கெடுபிடி; வருஷத்தில் நாலு மாதமாவது போட்டிகளில் பிட்ச் செய்யவே கூடாது. இதில் புல்பென் பந்துகள் சேராது. அதனால் மேடம் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இரண்டு தடவை சூடேற்றி உட்கார வைத்தால் அதை ஒரு ஆட்டமாகவே எழுது. அச்சடித்த விதியில் இது இல்லை, என்னைக் கேட்டால் அந்த அட்டையிலேயே உருப்படியான வரி இதுதான். பெரியவர்களுக்கும் சட்டம் உண்டு. நாடுகளுக்கு இடையே நடக்கும் உலக பேஸ்பால் கிளாசிக்கில், 2023-ல், 30 பந்தோ அதற்கு மேலோ போட்டால் ஒரு நாள் ஓய்வு, 50 போட்டால் நாலு நாள், இரண்டு நாள் தொடர்ந்து போட்டால் மூன்றாம் நாள் கிடையாது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே அப்படி.

சரி, கட்டணம். முதல் தடவை பார்ப்பதற்கு 400 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 300. வேலூருக்கு இது அதிகமும் இல்லை, மலிவும் இல்லை. முதல் 400 ரூபாய்க்கு, அளவு எடுத்து, நோட்டுப் பார்த்து, ஒரு மாத எறிதல் காலண்டர் போட்டுத் தருகிறார்கள். அந்தக் காலண்டருக்காகவே போகலாம். எந்த நாள் எறியக்கூடாது, எந்த நாள் பாதி வேகம், எந்த நாள் தோளின் பின்பக்கத்துக்கு ரப்பர் பேண்ட் பயிற்சி, எல்லாம் கட்டம் போட்டு இருக்கும். ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதில்லை. ஓடலாம், கால் பயிற்சி செய்யலாம், பந்தை மட்டும் தொடக்கூடாது.

குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. வரவேற்பில் இருக்கும் தம்பி, மேடம் உள்ளே இருக்கும்போது பத்து சிட்டிங் பேக்கேஜ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார். கரன்ட் வைக்கிற மெஷின், அல்ட்ராசவுண்ட் எல்லாம் அதில் சேர்த்தி. மேடமே எங்கள் பையனுக்கு அது தேவை என்று சொல்லவில்லை. நான் மறுத்துவிட்டேன், நீங்களும் மேடத்தைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் பேண்டை அங்கே வாங்காதீர்கள், டவுனில் ஸ்போர்ட்ஸ் கடையில் விலை குறைவு. மேடம் இல்லாத நாளில் பார்க்கிற இளைஞருக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். பிட்சர் என்றதும், "ஃபாஸ்ட் பவுலர் மாதிரிதானே" என்று முதுகெலும்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பவுலர் கையை மடக்காமல் போடுகிறவர், அவருக்கு அடி விழுவது பெரும்பாலும் இடுப்பிலும் முதுகிலும். இவனுக்கு முழங்கையிலும் தோளிலும். ஆகையால் போன் பண்ணி மேடம் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிறு லீவு. பேஸ்பால் போட்டி பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். படிக்கட்டு செங்குத்து, முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க முட்டி வலியோடு ஏற வேண்டும். வண்டி நிறுத்த இடமே இல்லை.

இன்னொன்று, கோச்சையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் கோச் சார் வர மாட்டேன் என்றவர், அரையிறுதிக்கு முந்தின நாள் தானாக வந்தார், ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோவோடு. பையன் அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் போட்டிருந்தான். "ஒரே ஒரு இன்னிங்ஸ் மேடம், பன்னெண்டு பால்ல முடிச்சுடுவான்" என்று கெஞ்சினார். மேடம் பெட்டியைத் திறந்து காத்திருந்த எல்லோருக்கும் பேடா கொடுத்தார், தானும் ஒன்று எடுத்துக்கொண்டார், பையனைப் படுக்க வைத்து அளந்தார், எண்ணைக் கோச்சிடம் காட்டினார். "நாளைக்கு வேணாம் சார். திங்கட்கிழமை எவ்வளவு வேணாலும் போடட்டும்." திங்கட்கிழமை எங்கே ஆட்டம்?

அரையிறுதியில் கடைசி இன்னிங்ஸைப் புதுப்பையன் ஒருவன் போட்டான். குறி தவறிய பந்துகளாகப் போட்டு இரண்டு பேரைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்டான், ஒரு அடி வாங்கினான், ஒரு ரன்னில் தோற்றோம். கோச் சார் இன்னும் மேடத்தின் மேல் கோபமாகத்தான் இருக்கிறார். பேடா கணக்கையும் அவ்வப்போது எடுக்கிறார். நான் ஸ்கோர் எழுதுகிறவன், எனக்கு அந்த ஒரு ரன்னும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு முந்தைய நாள் ஆட்டத்திலேயே எங்கள் ரிலீவரின் பந்துகள் எல்லாம் கேட்சரின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கை களைத்தால் முழங்கை தாழும், பந்து மேலே மிதக்கும். கேட்சராக உட்கார்ந்த எவனுக்கும் இது தெரியும். அவனை இறக்கியிருந்தாலும் ஜெயித்திருப்போமா என்பது சந்தேகம்தான்.

பையனுக்குத் தோள் சரியாகிவிட்டது. பாலாற்று கிரிக்கெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறான், நம்பலாமா தெரியவில்லை. என் ஸ்கோர் நோட்டில் இப்போது ஓரமாகப் பென்சிலில் ஒரு கோடு போட்டுப் புல்பென் பந்துகளையும் எழுதுகிறேன். எண்ணுவதற்கு ஒரு சின்னப் பையனை வைத்திருக்கிறேன், ஆட்டத்துக்கு ஒரு ரோஸ் மில்க் கூலி.

ஐந்துக்கு நாலு தருகிறேன். ஒன்று பேக்கேஜுக்கும் படிக்கட்டுக்கும் குறைத்தது. நாள்பட்ட வீக்கம், மரத்துப்போகிற விரல், "டப்" என்று சத்தம் கேட்டு வந்த வலி என்றால் இங்கே போகாமல் நேரே எலும்பு டாக்டரிடம் போங்கள், மேடமும் அதைத்தான் சொல்லி அனுப்புவார். மற்றபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் போனால் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், கையில் பணமும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த மாடியில் சிக்னல் வராது, கீழே மருந்துக்கடை வரை இறங்கி வந்துதான் பணம் அனுப்ப வேண்டியிருக்கும்.